சார்செலிலிருந்து முத்தியால்பேட்டைக்கு வந்த டேனிங் விளக்கு: ஒரு மதிப்புரை

இங்கே மதிப்பிடப்படும் பொருள் புதுச்சேரிக் கடை எதிலும் வாங்கியதன்று. பாரிஸின் வடக்குப் புறநகரான சார்செலில் குடியிருக்கும் என் சித்தப்பா மகள், ஜூலை விடுமுறைக்கு ஊருக்கு வந்தபோது தன் பெட்டியில் கொண்டுவந்து, முத்தியால்பேட்டையிலுள்ள எங்கள் வீட்டில் விட்டுச்சென்ற முகத்துக்கான டேனிங் விளக்கு, அதாவது புற ஊதாக் கதிரால் தோலைக் கருக்க வைக்கும் விளக்கு, இது. அவள் கணவர் பிரான்சின் பிரெத்தாஞ் பகுதியைச் சேர்ந்த வெள்ளையர். ஆண்டுதோறும் கடற்கரை விடுமுறைக்கு முன் 'தோலைத் தயார் செய்துகொள்ள' மே மாதம் முழுவதும் இதன்முன் உட்காருவாராம். அவருடைய தோல் மருத்துவர் கண்டித்த பிறகு விளக்கு அலமாரிக்குப் போயிற்று. பிரான்சின் 2016ஆம் ஆண்டுச் சுகாதாரச் சட்டம் இத்தகைய கருவிகளைத் தனியார் வீட்டு உபயோகத்துக்கு விற்பதையும் கைமாற்றுவதையும் தடை செய்துவிட்டதால் அங்கே அதை யாருக்கும் கொடுக்கவும் வழியில்லை. "அங்க குடுக்கக் கூடாதுண்ணா, இங்க யாருக்காவது உதவும்னு எடுத்துட்டு வந்தேன்" என்றாள். ஒரு நாட்டில் கைமாற்றக் கூடாத பொருள் இன்னொரு நாட்டில் உதவிப் பொருளாக மாறுவது எப்படி என்று அவளிடம் கேட்கவில்லை. ஆனால் அவள் விமானம் ஏறுவதற்குள்ளாகவே எங்கள் தெருவில் நால்வர் இதை இரவல் கேட்டுவிட்டதால், எழுதியே தீர வேண்டும் என்று தோன்றியது. பிரான்சில் உறவினர் இல்லாத வீடு எங்கள் பகுதியில் குறைவு. இதே பெட்டி வேறு வீடுகளின் பரண்களிலும் இருக்கக்கூடும்.

முதலில் பொருளைப் பற்றி. மேசைமேல் நிறுத்தும்படியான, ஒரு பெரிய புத்தகத்தின் அளவுள்ள வெள்ளை நெகிழிப் பெட்டி. முன்பக்கம் கம்பி வலைக்குப் பின்னே படுக்கைவாட்டில் சிறிய குழல் விளக்குகள். அவற்றுக்குப் பின்னால் வளைத்துப் பளபளப்பாக்கிய அலுமினியத் தகடு. பக்கவாட்டில் முறுக்கிவிட்டால் தானே திரும்பி அணையும் நேரக் குமிழ். உடன் கண்களைக் குமிழ்போல் மூடும் கறுப்புக் கண்ணாடிகள் இரண்டு. அவற்றில் ஒன்றின் இழுவை நாடா தளர்ந்து போயிருந்தது. வேலைப்பாட்டில் குறை சொல்ல ஒன்றுமில்லை: மூட்டுகள் இறுக்கமானவை, குமிழ் நேரம் தவறாமல் அணைக்கிறது, எவ்வளவு நேரம் ஓடினாலும் பெட்டி அதிகம் சூடாவதில்லை. நம் மின்னழுத்தமும் பிரான்சின் மின்னழுத்தமும் 230 வோல்ட்டே என்பதால் மாற்றி எதுவும் தேவைப்படவில்லை. செருகியும் நம் பழைய இருமுனைச் சுவர்ப்பெட்டியில் ஒருவாறு உட்கார்ந்துவிடுகிறது. ஆனால் பிரெஞ்சு முறையில் நில இணைப்புக்கான முள் சுவர்ப்பெட்டியில் இருக்கும், செருகியில் அதற்கான துளை மட்டுமே உண்டு. ஆகவே அங்கிருந்து வரும் எந்தக் கருவிக்கும் இங்கே நில இணைப்புக் கிடைப்பதில்லை. இஸ்திரிப் பெட்டி போன்றவற்றைக் கொண்டுவருபவர்களும் இதைக் கவனிப்பது நல்லது.

விளக்கு உண்மையிலேயே புற ஊதாக் கதிரைத் தருகிறதா, அல்லது வயதாகி வெறும் நீல வெளிச்சமாகிவிட்டதா என்பதைச் சோதிக்க வீட்டிலிருந்தவையே போதுமானவையாக இருந்தன. என் அக்காவின் மூக்குக்கண்ணாடி, வெயிலில் கருத்து நிழலில் தெளியும் வகையைச் சேர்ந்தது. சன்னலைச் சாத்திய அறையில், விளக்குக்கு ஒரு சாண் தொலைவில் அதை வைத்துவிட்டு வெளியே வந்து பார்த்தபோது, ஒரு நிமிடத்துக்குள் இரு வில்லைகளும் சாம்பல் நிறத்துக்குப் போயிருந்தன. ஒற்றை மடிப்பு ஈரிழைத் துண்டைக் குறுக்கே தொங்கவிட்டபோது கருமை சற்றுக் குறைந்ததே தவிர நிற்கவில்லை. கறுப்புக் குடைத்துணியை வைத்தபோது வில்லைகள் தெளிந்தே இருந்தன. 500 ரூபாய்த் தாளின் எண் வரிசை அதன் முன் ஒளிர்ந்தது. சலவைத் தூளில் கலக்கும் வெண்மையூட்டியின் தயவால் என் வேட்டியும் நீலமாக மினுங்கியது. இச்சோதனை கதிர் இருப்பதைக் காட்டுமே தவிர அளவைக் காட்டாது. அதே மூக்குக்கண்ணாடி மொட்டை மாடியில் நண்பகலில் அறைக்குள் கருத்த அளவுக்குக் கருக்கவில்லை. அதனால் மாடி வெயிலில் கதிர் குறைவு என்று நினைத்துவிடக் கூடாது, அவ்வகை வில்லைகள் சூட்டில் குறைவாகவே கருக்கும்.

அளவைச் சொல்வது வேறொரு கணக்கு. இம்மதிப்புரையில் எனக்கு மிகவும் சுவையாகப் பட்டதும் அதுதான். ஐரோப்பாவில் டேனிங் கருவி எதுவும், தோலைச் சிவக்க வைக்கும் திறனில், சதுர மீட்டருக்கு 0.3 வாட்டைத் தாண்டக் கூடாது என்பது வரம்பு. ஐரோப்பிய ஆணையத்தின் அறிவியல் குழு 2006இல் பரிந்துரைத்த அளவு இது. வானிலைச் செய்திகளில் வரும் புற ஊதாக் குறியீட்டின் ஒவ்வோர் எண்ணும் 0.025 வாட்டைக் குறிக்கும். வகுத்துப் பார்த்தால் 0.3 வாட் என்பது குறியீடு 12. உலக சுகாதார நிறுவனம் 11ஐயும் அதற்கு மேற்பட்ட எதையும் 'மிகக் கடுமை' என்று வகைப்படுத்துகிறது. ஏப்ரல், மே மாதங்களில் புதுச்சேரியில் நண்பகலின்போது இக்குறியீடு 11ஐத் தாண்டுவது வழக்கமான செய்தி. அதாவது, வடக்கே மேகம் மூடிய நகரத்தில் ஒருவர் யூரோ கொடுத்து வாங்கித் தன் படுக்கையறையில் ஏற்றிவைத்துக்கொள்வது, அஜந்தா சிக்னலில் பச்சை விளக்குக்காக ஹெல்மெட்டுக்குள் வியர்த்துக்கொண்டு நிற்கும் நமக்குக் காசில்லாமல் விழும் அதே நண்பகல்தான். அந்த நண்பகலைத் தவிர்ப்பதற்காகத்தான் துப்பட்டாவால் முகம் சுற்றி, முழங்கை வரை கையுறை மாட்டி நம் பெண்கள் ஸ்கூட்டர் ஓட்டுகிறார்கள். விலைக்கு வாங்கவோ இரவல் கேட்கவோ நமக்கு இதில் ஒன்றுமே இல்லை என்பது என் முதல் முடிவு.

ஒரு திருத்தம் உண்டு. அந்த 12 தோலைச் சிவக்க வைக்கும் திறனை மட்டுமே அளக்கிறது. புற ஊதாக் கதிரில் ஏ, பி, சி என்று மூன்று வகை உண்டு; சிவப்புக்கு முதன்மைக் காரணம் புற ஊதா பி. டேனிங் குழல்களோ பெரும்பாலும் புற ஊதா ஏ கதிரைத் தருபவை. இக்கதிர் எரிச்சலைக் குறைவாகவே உண்டாக்கிக்கொண்டு தோலில் இன்னும் ஆழமாக இறங்கும். சில பெரிய கருவிகளில் அதன் அளவு நண்பகல் வெயிலைப் போல் 10 முதல் 15 மடங்கு வரை இருக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. எரியவில்லை, ஆகவே தீங்கில்லை என்ற நம்பிக்கை இந்த இடத்தில்தான் பிறக்கிறது. புற ஊதா ஏ தருகிற உடனடிக் கருமை, ஏற்கெனவே இருக்கும் மெலனின் நிறமி உயிர்வளியேற்றம் அடைவதால் வருவது. அது பாதுகாப்பு எதையும் கூட்டுவதில்லை. இரண்டு மூன்று நாள் கழித்து வரும் கருமையோ, செல்லின் மரபுப் பொருள் (டிஎன்ஏ) அடிபட்டதற்குத் தோல் தரும் பதில். வெளுத்த தோலுக்கு அப்படி ஏற்றிக்கொண்ட கருமையின் காப்பு எஸ்பிஎஃப் என்னும் வெயில் காப்பு எண்ணில் 3 அல்லது 4 அளவுக்கு மேல் போவதில்லை. என் தங்கையின் கணவர் ஒவ்வொரு மே மாதமும் சேர்த்துவைத்த 'தயாரிப்பு' அவ்வளவுதான். ஆப்பிரிக்க வம்சாவளியினரின் கருத்த தோலுக்குப் பிறவியிலேயே சுமார் 13 அளவுக் காப்பு உண்டு என்று 1970களிலேயே அளந்திருக்கிறார்கள். விளக்கை அணைத்ததும் சேதம் நின்றுவிடுகிறது என்பதும் சரியன்று: கதிர்பட்ட மெலனினே அதன்பின் சில மணி நேரம் இருட்டிலும் மரபுப் பொருளைச் சேதப்படுத்திக்கொண்டிருக்கும் என்பதை யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015இல் காட்டினார்கள்.

பெட்டியில் புற்றுநோய் பற்றிய எச்சரிக்கை இருக்கிறதா என்றால், இருக்கிறது. கையேட்டின் உள்ளே, பல மொழிகளில், குண்டூசித் தலையளவு எழுத்தில், 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களும், எளிதில் எரிந்து கருக்காத தோலுடையவர்களும், மச்சங்கள் மிகுந்தவர்களும், குடும்பத்தில் தோல் புற்றுநோய் கண்டவர்களும் பயன்படுத்தலாகாது என்று அச்சிட்டிருக்கிறார்கள். அட்டையின் வெளிப்பக்கத்தில் இருப்பது சிரிக்கும் முகம் ஒன்று மட்டுமே. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2009இல் இக்கருவிகளை, புகையிலையும் கல்நாரும் இடம்பெற்றுள்ள முதல் வகைப் புற்றுநோய்க் காரணிகளின் பட்டியலில் சேர்த்துவிட்டது. 35 வயதுக்கு முன் தொடங்குபவர்களுக்கு மெலனோமா என்னும் கொடிய தோல் புற்றுநோயின் அபாயம் 75 சதவீதம் கூடுகிறது என்று அம்முகமை முதலில் கணக்கிட்டது. பின்னர் வந்த ஆய்வுத் தொகுப்பு அதை 59 என்று குறைத்தது. இரண்டும் வெள்ளைத் தோலுடைய மக்களிடையே எடுத்த கணக்குகளே; எதை ஏற்றுக்கொண்டாலும் அழகுக்காகக் கொடுக்கக் கூடிய விலையாக எனக்குத் தோன்றவில்லை. பிரேசில் 2009இலேயே அழகுக்கான பயன்பாட்டை முற்றாகத் தடை செய்தது. ஆஸ்திரேலியாவில், 26 வயதில் 2007இல் மெலனோமாவுக்குப் பலியான கிளேர் ஆலிவர் தம் கடைசி வாரங்களில் சோலாரியங்கள் எனப்படும் டேனிங் நிலையங்களுக்கு எதிராகப் பேசியது நாடு முழுவதும் கேட்டது. 2015 தொடங்கியபோது பெரும்பாலான மாநிலங்களில் அவற்றின் வணிகம் தடை செய்யப்பட்டிருந்தது. பிரான்சு 18 வயதுக்குட்பட்டோருக்கு 1997 முதலே தடை விதித்திருக்கிறது. அந்நாட்டின் சுகாதாரப் பாதுகாப்பு முகமை 2018இல் இத்தொழிலையே நிறுத்தச் சொல்லியும் கடைகள் அங்கே ஓடிக்கொண்டிருக்கின்றன.

இனி, எங்கள் தெருவுக்கு வருகிறேன். இங்கே இதைக் கேட்டவர்களில் ஒருவர்கூடக் கருப்பாக வேண்டும் என்பதற்காகக் கேட்கவில்லை. ஆகவே கையேட்டு எச்சரிக்கைகளில் பாதி நமக்குப் பொருந்தாது. நமக்குப் பொருந்தக் கூடிய எச்சரிக்கைகளோ அக்கையேட்டில் இல்லை.

எதிர் வீட்டு அம்மாவின் மகளுக்கு விரல் நுனிகளிலும் உதட்டோரத்திலும் வெண்புள்ளி இருக்கிறது. "ஆஸ்பத்திரியில கண்ணாடி மாட்டி நிக்க வைக்கிற லைட்டு இதுதானேண்ணா? வாரா வாரம் பஸ் ஏறிப் போறதுக்கு வீட்லயே காட்டிட்டா என்ன?" என்று அவர் கேட்டது நியாயமான கேள்வி. மருத்துவமனை விளக்கும் குழல்தான், நீலமாகத்தான் எரிகிறது, அங்கேயும் கண்ணாடி மாட்டத்தான் சொல்கிறார்கள். வேறுபாடு கண்ணுக்குத் தெரியாதது. தோல் சிகிச்சைப் பிரிவுகளில் வெண்புள்ளிக்கு இப்போது பெரிதும் பயன்படுவது 311 நானோமீட்டர் அலைநீளத்தைச் சுற்றிய குறுகிய பட்டைப் புற ஊதா பி. முதல் நாள் சிறிதளவு கொடுத்து, மறுமுறை வரும்போது தோல் எப்படி இருக்கிறது என்று பார்த்து, அதற்கேற்ப ஏற்றியும் இறக்கியும் கணக்கு எழுதி வைத்துத் தருகிறார்கள். டேனிங் குழலோ வேறு அலைநீளத்தில், அளவு தெரியாமல், முகம் முழுவதும் கொட்டுவது. நிறமியே இல்லாத வெள்ளைப் புள்ளிகள் அதில் முதலில் எரியும்; சுற்றியுள்ள நல்ல தோல் கருத்துப்போய்ப் புள்ளி முன்னைவிடப் பளிச்சென்று தெரியும். கல்யாணப் பேச்சு நடக்கும் வீட்டில் இதைவிடக் கேடான பலன் வேறென்ன இருக்க முடியும்?

அத்துடன் நின்றிருந்தால் பரவாயில்லை. அப்பெண் புள்ளிகளின்மேல் கார்போகரிசி எண்ணெய் தடவி வருகிறாள் என்பது பேச்சுவாக்கில் வெளிவந்தது. இந்த இடத்தில் வாசகர் சற்று நிதானிக்க வேண்டுகிறேன். கார்போகரிசி நாட்டு மருந்துக் கடைகளில் கிடைக்கும் சிறு கறுப்பு விதை. கஸ்தூரி மஞ்சளோடும் பூலாங்கிழங்கோடும் குளியல் பொடியில் அரைக்கப்படுவது. வெண்புள்ளிக்கு அதைத் தடவிச் சிறிது வெயிலில் நிற்கச் சொல்வது நம் மருத்துவத்தில் நெடுநாள் வழக்கம். அதிலுள்ள சோராலென் என்னும் பொருள் புற ஊதா ஏயை ஏற்றுக்கொண்டு மரபுப் பொருளோடு பிணைந்துவிடக் கூடியது. நவீன மருத்துவமும் இதே கூட்டைத்தான் பல ஆண்டுகள் கையாண்டது. சோராலென் கொடுத்துப் புற ஊதா ஏ காட்டும் சிகிச்சை நீண்ட காலத்தில் தோல் புற்றுநோயைக் கூட்டுவது தெரிந்த பிறகே குறுகிய பட்டைக்குப் பெரும்பாலும் மாறினார்கள். அச்சிகிச்சையில் நிமிடக் கணக்கில் அல்லாமல், அளந்த ஆற்றல் கணக்கிலேயே கதிர் தரப்படும். கார்போகரிசி தடவிய தோலைப் புற ஊதா ஏ நிரம்பிய இவ்விளக்கின் முன் காட்டுவது, அளவே இல்லாமல் அதே சிகிச்சையைச் செய்வதாகும். அப்போது எதுவும் உறைக்காது. இரண்டு, மூன்று நாள் கழித்தே எரிச்சல் உச்சத்துக்கு வந்து கொப்புளம் எழும். அதற்குள் இன்னும் இரண்டு முறை காட்டியிருப்பார்கள். கையேட்டில் ஜெர்மன், இத்தாலிய மொழிகளிலெல்லாம் எச்சரிக்கை எழுதியவருக்குக் கார்போகரிசி தெரிந்திருக்க வாய்ப்பில்லை. எலுமிச்சைக்கும் இது ஓரளவு பொருந்தும்: கருமை போக எலுமிச்சைத் தோலை முகத்தில் தேய்த்துக்கொண்டு வெயிலில் போகிறவர்களுக்கு வரும் திட்டுத்திட்டான கருமையும் புண்ணும் இவ்வினத்துப் பொருள்களின் வேலைதான்.

அடுத்தவர் வைட்டமின் டிக்காகக் கேட்டார். இரத்தப் பரிசோதனையில் குறைவு என்று வந்திருக்கிறது. வெயிலில் நிற்க முடியவில்லை. விளக்கு இருந்தால் மின்விசிறியின் கீழ் உட்கார்ந்தபடியே பெற்றுக்கொள்ளலாமே என்பது அவர் எண்ணம். தோலில் வைட்டமின் டி உருவாகத் தேவைப்படுவது புற ஊதா பி. இவ்விளக்கில் அது சொற்பம். வாரம் ஒன்றாகச் சில வாரங்கள் சாப்பிடச் சொல்லி மருத்துவர் எழுதித் தரும் 60,000 யூனிட் பொட்டலம் அவர் வீட்டு மேசையிலேயே இருந்தது, இரண்டு மட்டும் பிரித்த நிலையில். அதை முடிக்கச் சொன்னேன்.

மூன்றாவது கேள்வி என்னை உண்மையாகவே அச்சப்படுத்தியது. மகப்பேறு முடிந்து வீட்டுக்கு வந்திருந்த பெண்ணின் மாமியார், பேரக் குழந்தைக்கு மஞ்சள் இறங்குவதற்கு மருத்துவமனையில் நீல விளக்கின் கீழ்தானே வைத்திருந்தார்கள், வீட்டில் இதைக் காட்டலாமா என்று கேட்டார். கூடாது. பிறந்த குழந்தையின் மஞ்சள் காமாலைக்குப் பயன்படுவது 460 முதல் 490 நானோமீட்டர் அளவிலான, கண்ணுக்குத் தெரியும் நீல ஒளி. அது புற ஊதாக் கதிர் அன்று. இரண்டும் நீலமாகத் தெரிவதைத் தவிர இவற்றுக்குள் உறவே இல்லை. டேனிங் விளக்கைக் குழந்தைமேல் காட்டினால் தோலும் கண்ணும் கெடும். மஞ்சள் இன்னும் இருந்தால் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்கே போக வேண்டும்.

நான்காமவர், முகத்தில் ஆங்காங்கே திட்டாக இருக்கும் நிறத்தைச் சமப்படுத்திக்கொள்ளக் கேட்ட கல்லூரி மாணவர். பருவுக்கு டாக்ஸிசைக்ளின் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அம்மாத்திரை தோலை ஒளிக்குக் கூருணர்வுள்ளதாக்கும். கையேட்டில் 'ஒளிக்கூருணர்வு தரும் மருந்துகள்' என்று பொதுவாக ஒரு வரி இருக்கிறதே ஒழியப் பெயர்கள் இல்லை. நம் வீடுகளில் அதிகம் புழங்குவது இரத்த அழுத்தத்துக்கு டெல்மிசார்டானோடு சேர்ந்து வரும் ஹைட்ரோகுளோரோதயசைடு. நீண்ட காலம் அதை உட்கொள்வதற்கும், மெலனோமா அல்லாத தோல் புற்றுநோய்களுக்கும் உள்ள தொடர்பை ஐரோப்பிய மருந்து முகமை 2018இல் எச்சரிக்கையாக வெளியிட்டது. மருத்துவரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்தக் கூடாது; அட்டையைத் திருப்பி மருந்தின் பெயரைப் படித்துவிட்டு, புற ஊதா விளக்குகளிடமிருந்தும் கடும் வெயிலிடமிருந்தும் விலகியிருக்க வேண்டும்.

பழுது பார்ப்பது பற்றியும் சொல்லியாக வேண்டும். இக்குழல்கள் சில நூறு மணி நேரம் எரிந்ததும் வலுவிழக்கும். அசல் மாற்றுக்குழல் இங்கே கிடைக்காது. எங்கள் மின் பணியாளர் பெட்டியைப் பார்த்ததும், தண்ணீர் சுத்திகரிப்புக் கருவிக்கான 'யூவி டியூப்' இதே நீளத்தில் இருக்கிறது, குறைந்த விலைக்கே போட்டுத் தருகிறேன் என்றார். கொரோனாக் காலத்துக்குப் பிறகு அத்தகைய கிருமிநாசினிக் குழல்கள் எங்கும் கிடைக்கின்றன. அவை 254 நானோமீட்டர் புற ஊதா சி தருபவை; மூடிய குழாய்க்குள் தண்ணீரின் நடுவே எரிய வேண்டியவை. முகத்துக்கு நேரே அதை ஏற்றினால், வெல்டிங் வெளிச்சத்தை வெறுங்கண்ணால் பார்த்தவர்களுக்கு இரவில் வருமே, மணலை அள்ளிப் போட்டதுபோல் கண் உறுத்தித் திறக்க முடியாத வலி, சில நிமிடம் பட்டாலே போதும், சில மணி நேரத்தில் அது வந்து சேரும். 'யூவி' என்ற ஒரே பெயரில் மூன்று வேறு பொருள்கள் கடையில் இருக்கின்றன என்பதை விற்பவரும் மாட்டுபவரும் அறிந்திருக்கவில்லை.

மாற்றாக மிஷன் வீதியிலும் நேரு வீதியிலும் அழகு நிலையங்கள் வெயில் கருமையைப் போக்குவதாகச் சொல்லி விற்கும் டீ-டேன் பற்றிச் சிலர் கேட்கிறார்கள். பழ அமிலமோ வெளுப்பானோ கலந்த பூச்சு அது. மேல் தோலின் இறந்த அடுக்கை உரித்துப் பூனைமுடியை வெளுக்க வைக்கும். சில வாரத்துக்கு முகம் தெளிந்து தெரியும். செய்துகொள்ளட்டும். கதிர் செய்த சேதத்தில் எதையும் அது திரும்பப் பெறுவதில்லை என்பதையும், உரித்த அன்று வெயிலில் போனால் இன்னும் கருக்கும் என்பதையும் நிலையத்தில் யாராவது சொல்லியனுப்பினால் நல்லது. முகத்துக்குப் பூசும் சில களிம்புகளில் ஸ்டீராய்டு இருப்பது தனிப் பெரிய கதை. 2018இல் அரசு அவற்றில் பலவற்றை மருந்துச் சீட்டு இல்லாமல் விற்பதைத் தடுத்தது என்று மட்டும் இங்கே குறிப்பிடுகிறேன்.

நமக்குத் தோல் புற்றுநோயே வராது என்ற பேச்சையும் இந்த விளக்கைச் சுற்றி நின்றவர்களிடம் கேட்டேன். வெள்ளையரோடு ஒப்பிட்டால் நம்மிடையே அது மிகக் குறைவு என்பது சரி. மெலனின் செய்யும் உதவி பெரிது. வரும்போது வரும் இடங்கள்தாம் வேறு. கருத்த தோலுடையவர்களின் மெலனோமா அதிகமாகக் காணப்படுவது வெயிலே படாத உள்ளங்காலிலும் உள்ளங்கையிலும் நகத்தின் அடியிலும். அதற்கும் புற ஊதாக் கதிருக்கும் பெரிய தொடர்பு இல்லை. செதிள் செல் புற்றுநோய் என்னும் மற்றொரு வகைத் தோல் புற்றுநோய் பழைய தீக்காயத் தழும்பிலும் ஆறாத புண்ணிலும் கிளம்புவதுண்டு. உள்ளங்காலில் பரவும் கரும்புள்ளியை முள் குத்தியது என்றும், நகத்தில் அகலமாகிக்கொண்டு போகும் கறுப்புக் கோட்டை அடிபட்டது என்றும் விட்டுவிடுவதால் ஜிப்மர் போன்ற மருத்துவமனைக்குப் போய்ச் சேரும்போது காலம் கடந்திருக்கிறது. தேவனாம்பட்டினத்திலோ வைத்திக்குப்பத்திலோ வெறுங்காலோடு வலை இழுப்பவர்கள் மாதம் ஒருமுறை காலைத் திருப்பிப் பார்ப்பது, எந்தச் சன்ஸ்கிரீனையும்விட அவர்களுக்குப் பயன் தரும். பிறவியிலேயே நிறமி இல்லாதவர்களுக்கு இந்தச் சலுகை கிடையாது. அவர்களுக்கு நம் வெயிலே பெரும் அபாயம், குடையும் முழுக்கைச் சட்டையும் சன்ஸ்கிரீனும் மருந்தின் இடத்தில் இருப்பவை.

ஆகவே மதிப்பெண். செய்நேர்த்திக்கும் நேரக் குமிழுக்கும் முழு மதிப்பெண் தரலாம். புதுச்சேரியில் இதன் பயன் பூச்சியம்; இரவல் கொடுக்கும் பொருளாக எடுத்துக்கொண்டால் பூச்சியத்துக்கும் கீழ். பிரான்சிலிருந்து உறவினர் கொண்டுவருகிறேன் என்றால், அந்த எடைக்குச் சாக்லேட் கொண்டுவரச் சொல்லுங்கள்.

இருப்பவர்கள் என்ன செய்வது என்பது மட்டும் மிச்சம். காந்தி வீதி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பழைய மின்பொருள் விற்பவர் நல்ல விலையே சொன்னார். அங்கிருந்து அது எந்த எதிர் வீட்டுக்குப் போகும் என்று தெரியாததால் மறுத்தேன். முதலில் மின்கம்பியைப் பெட்டியோடு ஒட்ட வெட்டிவிட்டேன். குழல்களில் பாதரசம் இருப்பதால் உடைக்காமல் கழற்றி, செய்தித்தாளில் சுற்றித் தனியே வைத்திருக்கிறேன். மின்னணுக் கழிவு விதிகள் பாதரசக் குழல் விளக்குகளையும் உள்ளடக்கியவை, ஆகவே அவ்வழியில்தான் போக வேண்டும். அலுமினியத் தகடு எடைக்குப் போயிற்று. கண்ணாடிகள் இரண்டையும் தெருமுனை வெல்டிங் பட்டறைப் பையன் ஆசையாகக் கேட்டான். அவை புற ஊதாவுக்கு உரியவையே தவிர வெல்டிங் பொறிக்கும் சூட்டுக்கும் செய்யப்பட்டவை அல்ல என்று சொல்லி, அவற்றைக் கொடுக்காமல், பட்டறை முதலாளியிடம் அவனுக்கு முறையான முகக்கவசம் வாங்கித் தரும்படி பேசியிருக்கிறேன். அடுத்த வாரம் வாங்குவதாகச் சொன்னார்.